இருதயமேரியின் பல்பொடி

இருதயமேரிக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. புருஷன் சேசுராஜ் வேலை முடிந்து தாராவிச் சந்துக்குள் திரும்பும்போதே, வாயில் தம்பாக்கு இருக்கிறதா இல்லையா என்று வாசலில் நின்றபடி சொல்லிவிடுவாள். அவர் செம்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட்மேன். சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கிய தம்பாக்குப் புகையிலையைக் கீழுதட்டுக்குள் அடக்கிக்கொண்டுதான் நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்தார்.

பல் டாக்டர் அந்த உதட்டுக்குள் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டி, இனி தொடவே கூடாது என்று சொன்னபோது இருதயமேரி பயந்துபோனாள். அவளுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். தோல்பைப் பட்டறையில் தைத்துப் பழகிய கை. அன்று சாயங்காலமே சேசுராஜின் சட்டை, பேண்ட் எல்லாவற்றின் பைகளையும் வாயை மூடித் தைத்துவிட்டாள். மனுஷன் பஸ் காசையும் செல்போனையும் கையில் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

ஆனாலும் தம்பாக்கு நின்றபாடில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் மழை. சேசுராஜ் மறதியாகக் குடையை விரித்தார். மடிப்புக்குள் இருந்த பொட்டலங்கள் சாமியாரின் காலடியில் பொலபொலவென்று கொட்டின. இருதயமேரிக்கு ஊரே பார்க்கத் திட்ட வாய்ப்புக் கிடைத்தது. அவள் அதை வீணாக்கவில்லை.

திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மனசு ஆற வேண்டும் என்று கொஞ்சம் பல்பொடி தேய்த்துக்கொண்டாள்.

பல்பொடி என்று சொல்வது அவள் மட்டும்தான். மற்றவர்களுக்கு அது மிஷ்ரி. தவாவில் கருக வறுத்து இடித்த புகையிலை. கல்யாணமான புதிதில் பல்வலி என்று அழுதவளுக்கு அடுத்த வீட்டு மராட்டிக்காரி சுஷ்மா கொடுத்துப் பழக்கியது. காலையில் தேய்க்காவிட்டால் வயிறு இறங்காது. மதியம் பட்டறையில் ஒரு தரம், படுக்கும் முன் ஒரு தரம். தம்பாக்கு ஆம்பளைகள் தின்பது, இது பொம்பளைகள் பல் விளக்குவது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவள் கட்சி.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது, சேசுராஜைப் பற்றிய புகார்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். கேட்டுக்கொண்டே இருந்த டாக்டர் அவளைத்தான் நாற்காலியில் உட்காரச் சொன்னார். எத்தனை வருஷமாகத் தம்பாக்கு பழக்கம் என்று இந்தியில் விசாரித்தார். வியாதிக்காரர் அவர், நானில்லை என்று இருதயமேரி கையைக் காட்டினாள். பல் எதனால் விளக்குகிறீர்கள் என்று கேட்டார் டாக்டர். அவளும் பெருமையாகவே சொன்னாள். வறுத்தாலும் பொடித்தாலும் புகையிலை புகையிலைதான், ஈறு எல்லாம் கரைந்து கிடக்கிறது என்றார் அவர். சேசுராஜ் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவள் பல்பொடி வைத்து இடுப்பில் செருகும் சுருக்குப்பையை எடுத்தால் வாய் திறக்கவில்லை. கறுப்பு நூலில் கோணல்மாணலாகத் தையல்.

"என்ன வேலைங்க இது?"

"உங்கிட்டதான் படிச்சேன்," என்றார் சேசுராஜ்.

அன்றைக்கு முதன்முதலாக இருவரும் நேர்மையாகப் பேசிக்கொண்டார்கள். சேர்ந்தே விடுவது என்று முடிவாயிற்று.

சொல்வது சுலபம். அவர் ஏழாம் மாடிக்காரரை மூன்றில் இறக்கிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் பொதுக் கழிப்பறை வரிசையில் கால்கடுக்க நின்று, போனபடியே திரும்பி வந்தாள். எரிந்து விழுவாள் என்று பட்டறையில் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. கறிவேப்பிலை வாங்கப் போகிறேன் என்று சுஷ்மா வீட்டுக்குப் போனால் வர வெகுநேரமாகும். சேசுராஜுக்கு அவள் மூக்கு கிடையாது. அதனால் ஓட்டுப் போட்டவர்களைச் சோதிப்பதுபோல, பொடிக் கறை பார்க்க வலது ஆள்காட்டி விரலைக் காட்டச் சொல்வார். அவள் தைரியமாகக் காட்டுவாள், இடது கையால் தேய்க்கப் பழகியிருந்தாள். அதையும் கண்டுபிடித்த நாளில் அவருக்கு வந்த சிரிப்பில், தன் சாக்ஸுக்குள் இருந்த பொட்டலத்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வெந்நீரும் சோம்பும் சண்டையுமாக மாதங்கள் போயின. எந்த நாளில் விட்டுப்போனது என்று இருவருக்கும் சரியாகத் தெரியாது. வெள்ளைத் திட்டு பெரிதாகவில்லை, ஆனாலும் தவறாமல் காட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

கோயில் பக்கத்து மண்டபத்தில் தமிழ்ப் பெண்களுக்குப் போதைப்பழக்கம் பற்றிக் கூட்டம் போட்டார்கள். இருதயமேரியைப் பேசக் கூப்பிட்டார்கள். சமோசா உண்டு என்று சொல்லி சுஷ்மாவையும் துணைக்கு அழைத்துப் போனாள். மேடையில் சேசுராஜின் தம்பாக்கு, குடை, சாக்ஸ் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னாள். மிஷ்ரி பற்றி வந்ததும், தனக்குத் தெரிந்த ஒரு பொம்பளை இப்படித்தான் தேய்த்துக்கொண்டு இருந்தாள் என்று ஆரம்பித்தாள்.

கடைசி வரிசையிலிருந்து சேசுராஜ் எழுந்தார். "அந்தப் பொம்பள பேரையும் சொல்லிரு, மேரி."

அவள் கண் துணைக்கு வந்தவள் மேல் விழுந்தது. "சுஷ்மா," என்றாள்.

தமிழ் தெரியாத சுஷ்மா தன் பேர் காதில் விழுந்ததும், ஏதோ பாராட்டுகிறார்கள் என்று எழுந்து எல்லாப் பக்கமும் கும்பிட்டாள். கூட்டம் கைதட்டியது. இருதயமேரி முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், சிரிப்பு அடங்கவில்லை. "இல்ல, நாந்தான் அது," என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

வீடு வரைக்கும் அவள் புருஷனோடு பேசவில்லை. என்னைப் பற்றி என்ன சொன்னாய், என்ன சொன்னாய் என்று வழிநெடுக சுஷ்மாதான் இந்தியில் கேட்டுக்கொண்டே வந்தாள்.