நாற்பத்திரண்டாம் பொத்தான்

அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் இப்போது மடங்காது. சுத்தியல் நசுக்கிய கை. ஆனாலும் எங்கள் அலுவலகத்தில் அவளளவு வேகமாகக் கட்டளை தட்ட ஆளில்லை. இடது கையாலேயே தட்டுகிறாள். யாராவது அவளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம்! இவர்களுக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்?

கட்டளைக்காரி என்பது நாங்கள் அவளுக்கு வைத்த பெயர். மவுஸைத் தொடவே மாட்டாள். சர்வரில் ஒன்றை மாற்ற மற்றவர்கள் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து நாலு இடத்தில் கிளிக் செய்வார்கள். அவள் கறுப்புத் திரையைத் திறந்து வரிவரியாகக் கட்டளை அடிப்பாள். அடிப்பதற்கு முன் கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதிக்கொள்வாள். அடித்தபின் நோட்டையும் திரையையும் ஒப்பிட்டு இரண்டு தடவை முணுமுணுத்துப் படிப்பாள். அதற்கப்புறம்தான் 'சேமி' என்ற கட்டளை.

"படிக்காம சேமிக்கிறது, பாக்காம ரோட்டைக் கடக்கிற மாதிரிடி" என்பாள்.

"நீங்க கடந்து முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும் அக்கா."

"வாயாடி, உன் ஸ்கிரீனைப் பாரு."

என் வேலையே ஸ்கிரீனைப் பார்ப்பதுதான். கொன்றுவிடுவேன் என்று புருஷனோ அண்ணனோ துரத்துகிற பெண்களுக்கு நீதிமன்ற உத்தரவோடு ஒரு பொத்தான் கொடுக்கிறோம். அமுக்கினால் என் திரையில் ஒரு எண் சிவப்பாகும். எண் மட்டும்தான், பேரும் தெரியாது, வீடும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் ரோந்து வண்டி "தயார்" என்று பதில் அனுப்பினால், அந்த வண்டிக்கு மட்டும் விலாசம் திறக்கும், என் திரையில் எண் பச்சையாகும். ஒருகாலத்தில் விலாசம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆள் ஒருத்தனே ஒரு புருஷனிடம் அதை உளறிவிட்டான். அந்தப் பெண் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தாள். அவன் கோடாலியால் கதவையும் வெட்டினான், அவளையும் வெட்டினான். விலாசத்துக்குப் பூட்டு போட்டது அதற்குப் பிறகுதான்.

கட்டளைக்காரியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒற்றை அறை வீடு, விடுதியில் படிக்கும் மகள், வெளிநாட்டில் புருஷன். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் கழுத்திலிருந்து துப்பட்டாவை எடுக்கமாட்டாள். "என்ன அக்கா, குளிருதா?" என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். என் வாயில் மண்ணை அள்ளிப் போட!

அன்றைக்கு மதியம் பன்னிரண்டே கால். நாற்பத்தொன்று சிவப்பானது. சிவப்பாகவே நின்றது. ரோந்து வண்டிக்காரர் வயர்லெஸ்ஸில் கத்தினார்: "தயார்னு மூணு தடவை அனுப்பிட்டேம்மா! எங்க போறதுன்னு சொல்லு!"

"எனக்கே தெரியாதுங்க!"

கட்டளைக்காரி ஒரே நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்தாள். எங்களிடம் மூன்று சர்வர்கள். எந்த சர்வர் செய்தி அனுப்பினாலும், 'பதிலை எனக்கே அனுப்பு' என்று தன் முகவரியைச் செய்தியின் தலையில் எழுதி அனுப்பும். முதல் நாள் நெட்வொர்க் ஆட்கள் மூன்றாம் சர்வரை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதுவோ இன்னும் பழைய முகவரியையே எழுதிக்கொண்டிருந்தது. வண்டி அனுப்பிய "தயார்" எல்லாம் ஆளில்லாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவதை நிறுத்திவிடலாமே என்றால், மற்ற இரண்டும் பாரம் தாங்காமல் படுத்துவிடும்; போன மாதம் பட்ட பாடு போதும்.

"பதிலை அனுப்பின சர்வரோட கட்டிப்போடுற கொக்கியை அவுத்துவிடணும்" என்றாள். "பொது வாசலுக்கு வரட்டும், யார் வேணா வாங்கிக்கட்டும்." நோட்டில் ஐந்து வரி எழுதினாள். எல்லாச் செய்தியிலும் பதில் முகவரி கட்டாயம் என்பது ஒன்று, கொக்கியை அவிழ்ப்பது இரண்டு, இந்த விதியைச் சேவையோடு இணைப்பது மூன்று, சேமிப்பது நான்கு, சேவையை மறுபடி எழுப்புவது ஐந்து. மூன்று வரி அடித்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. "வீட்டுக்காரி சாப்பாட்டை மறந்துட்டு வந்துட்டா" என்றானாம்; காவலாளி "வாங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டாராம். அவரைச் சொல்லி என்ன? நானும் பல்லைக் காட்டினேனே! "அக்கா, வெளிநாட்டுலேர்ந்து உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரு!" என்று கத்தி, "அதோ, அந்த சீட்டுதான் அண்ணா" என்று கையையும் நீட்டினேன். அந்தக் கையை இன்றைக்கும் வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

அவள் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. கை துப்பட்டாவுக்குள் போனது. அதே நொடியில் என் திரையில் நாற்பத்திரண்டு சிவப்பானது. எங்கள் பொத்தான் அவள் கழுத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது, இத்தனை நாளும்.

பையிலிருந்து வந்தது சுத்தியல். "இங்கயாடி ஒளிஞ்சிருக்கே?" முதல் அடி கம்ப்யூட்டரில் விழுந்தது. திரை நொறுங்கி, பெட்டி கீழே விழுந்து அணைந்தது. சேமிக்காத மூன்று வரியும் போயின. இரண்டாவது அடி அவள் தோளில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. தடுக்க ஓடிவந்த காவலாளி வாயில் அடி வாங்கிப் பல்லோடு ரத்தம் துப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேலாளர் கண்ணாடி அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு போலீசுக்குப் போன் செய்தார். இருபது நிமிடம் ஆகும் என்றார்களாம். இருபது நிமிடத்தில் மூன்று பேரைக் கொல்லலாம்.

நான் நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். அவன் திரும்பி என் வயிற்றில் உதைத்தான். போய்ச் சுவரில் விழுந்தேன். மறுபடி என்மேல் பாய வந்தவனின் காலை அவள் தரையில் கிடந்தபடியே கட்டிப் பிடித்தாள்.

"நோட்டு! உன் மெஷின்ல அடி!"

"அக்கா, உங்களை..."

"என்னை விடுடி! நாப்பத்தொண்ணு ஆறு நிமிஷமா காத்துக்கிட்டிருக்கா. அடி!"

அடித்தேன். ஜென்மத்தில் கறுப்புத் திரையைத் தொட்டதில்லை. அவனுக்கு என் கம்ப்யூட்டர் ஒரு பொருட்டே இல்லை; அவனுக்கு வேண்டியது அவள்தான். அவளை முடியைப் பிடித்து இழுத்து மேஜைக் காலில் தலையை மோதினான். ஒவ்வொரு மோதலுக்கும் என் மேஜையும் ஆடியது. நான் திரும்பவில்லை. ஒரு வரி. இரண்டு. மூன்று. சேமி என்று அடிக்கக் கை போனது.

பின்னாலிருந்து குரல், பாதி ரத்தத்தில் நனைந்த குரல்: "படிச்சியா?"

"அக்கா!"

"படி!"

படித்தேன். நோட்டைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். இரண்டாவது வரியின் கடைசியில் அவள் 'இல்லை' என்று எழுதியிருந்த இடத்தில் நான் 'ஆம்' என்று அடித்திருந்தேன். கொக்கியை அவிழ்ப்பதற்குப் பதிலாக இன்னும் இறுக்கிக் கட்டியிருந்தேன். அழுதுகொண்டே திருத்தினேன். பத்து நொடி ஆகியிருக்கும். அந்தப் பத்து நொடியில் அவன் அவள் வலது கையைத் தரையில் விரித்து, மணிக்கட்டில் காலை வைத்து மிதித்துக்கொண்டு, சுத்தியலை மூன்று தடவை இறக்கினான். "இந்தக் கையாலதானே சம்பாதிக்கிறே" என்று அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது.

சேமி. எழுப்பு.

திரையில் இரண்டு சிவப்பும் ஒன்றாகப் பச்சையாயின. வயர்லெஸ்ஸில், "கிடைச்சுடுச்சு, போறோம்" என்று ஒரு குரல். இன்னொரு வண்டிக்காரர், "என்னம்மா, உங்க ஆபீஸ் விலாசம் காட்டுது?" என்றார்.

"ஆமாங்க! இங்கதான்! சீக்கிரம் வாங்க!"

மூன்று நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அதுவரை நானும் வாயில் ரத்தம் வழிந்த காவலாளியும் அவன்மேல் ஏறிக் கிடந்தோம். எங்கிருந்து அந்த பலம் வந்ததோ தெரியாது. அவன் காதைக் கடித்துப் பிய்த்துவிட்டேன், அதற்காக வருத்தமும் இல்லை. நாற்பத்தொன்றின் வீட்டில் கதவை உடைத்தபோது, அவள் புருஷன் தண்ணீர்த் தொட்டியில் அவள் தலையை அமுக்கிக்கொண்டிருந்தானாம். வெளியே இழுத்துப் போட்டதும் இருமினாளாம். பிழைத்துக்கொண்டாள். அவள் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையைப் பார்த்து நான் ஓவென்று அழுதேன். "படிக்காம சேமிச்சிருந்தா அந்தப் பத்து நொடி மிச்சமாகியிருக்கும் அக்கா. கை தப்பிச்சிருக்கும்."

உடைந்த தாடையோடு அவளால் அதிகம் பேச முடியவில்லை. "ஆம்னுதானே அடிச்சிருந்தே?" என்றாள். நான் தலையாட்டினேன். "அப்புறம் என்னடி?"

நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். துப்பட்டா இல்லை. கழுத்துத் தழும்பும் பொத்தானும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வந்தாள். மேலாளர் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். நோட்டில் இடது கையால் கோணல்மாணலாக எழுதுகிறாள், அடிக்கிறாள், இரண்டு தடவை படிக்கிறாள். பிறகு கீபோர்டை என் பக்கம் தள்ளுகிறாள்.

"நீயும் ஒரு தடவை படிச்சிட்டு சேமி."

இப்போதெல்லாம் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. படிக்கிறேன்.