தறி ஓடாத காலை

ஆட்டையாம்பட்டிக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு விசைத்தறிதான் என் எழுத்துக்கு எதிரி என்று நினைத்தேன். வேலைக்குக் கிளம்பும் முன் நான் எழுத உட்காரும் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். அந்த இரைச்சலில் நாளுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுத முடியவில்லை. ஒருநாள் தறி ஓட்டும் அக்காவிடம் எரிந்து விழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை சத்தமே இல்லை. ஆசையாக உட்கார்ந்தேன், ஒரு வரிகூட வரவில்லை. செல்போனைப் பார்த்தேன், காபி போட்டேன், திரும்பப் படுத்துக்கொண்டேன். ஒரு வாரம் இப்படியே போனது. தறி ஏன் ஓடவில்லை என்று புரியாமல் அந்த அக்காவிடமே போனேன்.

"ஏனுங்கக்கா, காலையில தறி ஓடறதில்லையே?"

"நீங்க எழுதோணும்னீங்களே சாமி! அதான் நீங்க வேலைக்குக் கெளம்புனதுக்கு அப்பறம் ஓட்டறனுங்க. விட்ட நேரத்தச் சாயங்காலம் ஓட்டிக்கறேன். இந்த ஒரு வாரத்துல நெறைய எழுதியிருப்பீங்களே?"

கூசிப்போனேன். உண்மையைச் சொல்லி, பழையபடி ஆறு மணிக்கே ஓட்டச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது தறி தொடங்கும்போது நானும் தொடங்குகிறேன். நடுவில் சத்தம் நின்றால், நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்ட அவருக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடம் நானும் நாற்காலியை விட்டு எழுவதில்லை.