மூன்று தரம் டொக்

ஹெட்போன் வாங்கிக்கொள்ள மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"நான் கூப்பிட்டா உங்க காதுல விழணும். மத்தபடி எதை வேணும்னாலும் வாங்கிக்கோங்க."

கேட்டதில் தப்பே இல்லை. இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, மூன்று மாதமாக வாக்கர் பிடித்து நடக்கிறாள். இன்னொரு தரம் விழுந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். மகளைப் பார்க்க விமானம் ஏற வேண்டும்.

அவள் கணவருக்கு 'இடி' என்று பேர் வைத்தது தெருக்காரர்கள். ஆலையின் ஜெனரேட்டர் அறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். "சாப்பிட்டாச்சா?" என்று மனைவியிடம் கேட்டால், மூன்றாவது வீட்டுக்காரர் "ஆச்சு" என்று பதில் சொல்லுவார். அந்தப் பேரை யாராவது முகத்துக்கு நேரே சொன்னால் மனுஷன் கடிக்க வருவார்.

அந்த அறையில் எல்லோர் காதிலும் மூடி. தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோஜனமில்லை. அதனால் ட்யூப்லைட் ஸ்விட்ச்தான் அவர்களுக்கு வாய். ஒரு தரம் போட்டு அணைத்தால் 'இங்கே வா'. விடாமல் மூன்று தரம் என்றால் 'போட்டது போட்டபடி ஓடி வா'. வீட்டிலும் அதே வழக்கம்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட அவள் ஹால் விளக்கை ஒரு தரம் தட்டுவாள். "உங்களைக் கட்டிக்கிட்டதுல நான் கத்துக்கிட்ட ஒரே தொழில் இதுதான்" என்பாள்.

கடையில் விற்பனையாளர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, பின்பக்கம் சல்லடையாகத் திறந்திருக்கும் ரகம். பாட்டும் கேட்கும், வீடும் கேட்கும். இன்னொன்று முழுக்க மூடிய ரகம். அதை மாட்டிய கணத்தில் கடை காணாமல் போனது. பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து தனக்காக மட்டும் பாடுவதுபோல அவ்வளவு இதமான குரல். மெத்தென்ற உறை, மூக்குக்கண்ணாடிக் காம்பைக்கூட அழுத்தவில்லை. முப்பத்தோரு வருஷம் முரட்டு பிளாஸ்டிக் கடித்த காதுகள் சொக்கிப்போயின.

"வெளிச் சத்தம் சுத்தமா கேக்காது சார், யோசிச்சுக்கோங்க" என்றார் விற்பனையாளர்.

யோசித்தார். யோசித்துவிட்டு மூடியதையே வாங்கினார். அதோடு, இருப்பதில் விலை குறைந்த ஒரு ஆம்ப்ளிஃபயர்.

"நான் கூப்பிடறது இதுல கேக்குமா?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"தாராளமா" என்றார். பச்சைப் பொய்.

ஹெட்போனில் குறையே இல்லை. ஆம்ப்ளிஃபயர்தான் படுத்தியது. குளியலறையில் இருக்கும் வாஷிங் மெஷின் ஸ்விட்சைப் போட்டால் போதும், நல்ல பாட்டின் நடுவே காதில் 'டொக்' என்று ஒரு குட்டு. ஆறு நாளாக இதே புலம்பல். "அந்த ஸ்விட்சைத் தொட்டாலே என் மண்டையில அடிக்குது" என்று அவளிடம் எரிந்து விழுந்தார். போனில் புகார் சொன்னதற்கு, வாங்கிய ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள்.

ஏழாம் நாள் மதியம். அட்டைப்பெட்டியைத் தயாராக எடுத்து வைத்துவிட்டு, கிளம்புமுன் கடைசியாக ஒரு பாட்டு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

டொக்.

இந்த நேரத்தில் எவள் துணி துவைப்பாள் என்று முகத்தைச் சுளித்தார்.

டொக்.

வேண்டுமென்றே செய்கிறாளா என்று பற்றிக்கொண்டு வந்தது.

டொக்.

கொஞ்சம் இடைவெளி. பிறகு மறுபடியும் மூன்று.

தலைக்கு உறைக்குமுன் கால்கள் எழுந்துவிட்டன. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். வீடு முழுக்க அவள் குரல். அதுவும் கட்டிப்போன குரல், வெகுநேரம் கத்திய குரல்.

குளியலறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வாக்கர் ஒரு பக்கம் கவிழ்ந்து கிடக்க, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே கோணலாக விழுந்து கிடந்தாள். ஒரு கை மட்டும் மேலே எட்டி அந்த ஸ்விட்சைப் பிடித்திருந்தது.

"அசையாதே. அசையாதேம்மா." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. எக்ஸ்ரே அறை வாசலில், ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி முடிவுக்குக் காத்து நின்றார். இனிமேலும் மறைக்க முடியவில்லை.

"நான் பொய் சொல்லிட்டேன். அதைப் போட்டா ஒண்ணும் கேக்காது."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"வாங்கின அன்னிக்கே. பின்னாடி நின்னு 'இடி'ன்னு கூப்பிட்டுப் பாத்தேன். நீங்கபாட்டுக்குத் தலையாட்டிட்டு இருந்தீங்க."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அப்படி ஒரு சந்தோஷத்தை உங்க முகத்துல பாத்து எத்தனை வருஷமாச்சு. நாம விழாம இருந்துட்டாப் போச்சுன்னு நினைச்சேன்."

ஆலையே அதிரக் கத்திய மனுஷன் சத்தமில்லாமல் அழுதார். வெட்கமாக இருந்தது, அவள் கையை மட்டும் விடவில்லை. எக்ஸ்ரே வந்தது. கம்பி நகரவில்லை, எலும்பில் புது விரிசல் இல்லை, வெறும் அடிதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

மறுநாள், பக்கத்து வீட்டு அக்காவை அவளுக்குத் துணை வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். ஒரு நாள் கடந்துவிட்டது என்று விற்பனையாளர் முனகினார். கெஞ்சிக் கூத்தாடி, மூடிய ஹெட்போனைக் கொடுத்துவிட்டுச் சல்லடை ரகத்தை வாங்கிக்கொண்டார்.

"ஆம்ப்ளிஃபயர் சார்? அதுதானே டொக்குனு அடிக்குதுன்னீங்க?"

"அடிக்கட்டும். அது இருக்கட்டும்" என்றார்.

புதியதில் அந்தப் பழைய இதம் இல்லை. பாட்டுக்குள் குக்கர் விசில் வந்தது, தெருவில் போகிற ஸ்கூட்டர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் கட்டிலிலிருந்து, ரகசியம் சொல்லும் அளவுக்கு மெல்லிய குரல்.

"இடி."

சடாரென்று திரும்பினார். "யாரைடி இடிங்கறே?"

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, பகலில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள்.