செல்வி பார்த்த அரண்மனை

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு எதிரே உள்ள கலைப்பொருள் கடையில் ஆசியாவையே அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாலி முகமூடி, திபெத்துக் கிண்ணம், சீனக் குடை எல்லாம் உண்டு. கொச்சிப் பொருள் மட்டும் இல்லை. விற்பனைக்கு நிற்கும் தேனிக்காரி செல்வி, வரும் வெளிநாட்டவருக்கு அரண்மனைச் சுவரோவியங்களைப் பற்றி விளக்குகிறாள்.

"நீ பாத்திருக்கியா?" என்று, அரண்மனை பார்க்க வந்த நான் கேட்கிறேன்.

"எங்க சேச்சி? எனக்கு லீவு வெள்ளிக்கிழமை. அன்னைக்கு அவங்களும் அடைச்சிருவாங்க."

"இப்பப் போய்ட்டு வா. கடையை நான் பாத்துக்கறேன்."

முதலாளி வருகிறாரா என்று தெருவைப் பார்த்துவிட்டு ஓடுகிறாள்.

திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருக்கிறது. "அடிபொளி சேச்சி! நான் சொல்லிட்டிருந்ததுல பாதி தப்பு."

நானும் போய்ப் பார்க்கலாமென்று பையை எடுப்பதற்குள் எதிரே அரண்மனைக் கதவை மூடுகிறார்கள்.

"பரவால்ல சேச்சி, உக்காருங்க," என்று ஸ்டூலை இழுத்துப் போடுகிறாள். "நான் சொல்றேன்."