டைரியில் நான் எழுதிய வரி

வில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து கொடைக்கானல் ஹோட்டல் ஒன்றில் ரூம் சுத்தம் செய்கிறவர் அவர். சேலைக்கு மேல் கணவரின் ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மஃப்ளர். பதில் சொல்லுமுன் மஃப்ளரைக் காதுக்குக் கீழே இறக்குவார். இறக்கிவிட்டால் எதிராளி தொலைந்தார்.

அவர் மகள் என் யூகேஜி வகுப்பில் படித்தாள். அம்மாவிடம் தமிழ், பேக்கரியில் வேலை பார்க்கும் அப்பாவிடம் மலையாளம். பிள்ளை குழம்பிவிடுமென்று, "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசவும்" எனச் சிவப்பு மையில் டைரியில் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் வெள்ளனே வகுப்பு வாசலில் நின்றார். மஃப்ளர் இறங்கியது.

"இங்கிலீசு சொல்லிக் குடுக்கத்தான டீச்சர் ஒங்ககிட்ட அனுப்புறேன்? எனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தைய வச்சு எம்புள்ளைய எப்படிக் கொஞ்ச, எப்படித் திட்ட? அவுக அப்பாவையும் வாய மூடச் சொல்லவா? முடியாதுங்க. எங்க ரெண்டு பாஷையும் அவளுக்கு வேணும்."

இத்தனை வருஷத்தில் என்னிடம் முடியாது என்று சொன்ன முதல் பெற்றோர் அவர்தான். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

அடுத்த வாரம், கேரளாவிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த குழந்தை அழுது தீர்த்தது. என் ஆங்கிலமும் எடுபடவில்லை, தமிழும் எடுபடவில்லை. இவர் மகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மலையாளத்தில் ஏதோ கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "காதுக்குள்ள வலிக்குதாம் மிஸ்" என்றாள்.

சாயங்காலம் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த வரியை அடித்துவிட டைரியைத் திறந்து பேனாவை எடுத்தேன். அவர் வெடுக்கென்று டைரியைப் பிடுங்கிக்கொண்டு மஃப்ளரை இறக்கினார்.

"அடிக்காதீங்க டீச்சர், அப்படியே கெடக்கட்டும். வளந்ததும் அவ படிச்சுச் சிரிக்கட்டும்."