ஒரே இலையில் இரண்டு வயிறு

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் காரைக்குடியைச் சுற்றி எந்தப் பழைய வீட்டைப் பிரிப்பதாக இருந்தாலும், என்னைக் கேட்காமல் ஒரு ஓடுகூட இறங்காது. பங்காளிகள் ஒத்துப்போகாமல் விற்றுவிட்ட பெரிய வீடுகள் கொத்தமங்கலத்திலும் கீழச்சிவல்பட்டியிலும் எத்தனையோ உண்டு. அவற்றின் தேக்குத் தூண்களைக் கீறல் படாமல் இறக்கி விற்றுத்தான் நான் ஆளானேன். யார் தயவும் கிடையாது. விரலை மடக்கிச் சுவரில் ரெண்டு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே கரையான் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

உடம்பும் அப்படி வாய்த்தது. முந்தின நாள் சோற்றைப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தின்பேன். எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் குடிப்பேன். ஒருநாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

என் மனைவிக்குத்தான் வயிறு சரியில்லை. நெஞ்சுக்குக் கீழே நெருப்புக் கங்கை வைத்த மாதிரி எரியுது என்பாள். சோடா குடிப்பாள், ஆறின பாலைக் குடிப்பாள், அடங்கும். மறுபடி வரும். வருசக்கணக்காக இப்படித்தான்.

எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு வாழை இலையில்தான். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு, அதே இலையில் அவள் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் அம்மா செய்தாள், இவளும் செய்தாள். செய் என்று நான் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. எனக்கு அதில் பெருமைதான். வேலை இழுத்துக்கொண்டு நான் சாயங்காலம் வந்தாலும் பச்சைத் தண்ணியோடு காத்திருப்பாள்.

"நேரத்துக்குச் சாப்பிடாமக் கெடந்தா எரியாம என்ன செய்யும்?" என்பேன்.

"நீங்க வாரதுதான் எனக்கு நேரம்."

பட்டினியால் வந்த அல்சர் என்று நானே முடிவு கட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.

போன வருசம் ஒருநாள் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். வெளிக்கிருந்தால் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்பதை அதுவரை எங்களிடம் மறைத்திருக்கிறாள். காரைக்குடியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். என் மகள் வயதுதான் இருக்கும். வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்து, புண்ணிலிருந்து சதையைத் துளி கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, இது பட்டினியால மட்டும் வந்தது இல்ல. வயித்துக்குள்ள ஒரு கிருமி குடியிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வயித்துல இருக்கது திராவகம்னு சொல்லுவீக. அதுல கிருமி எப்படிம்மா பொழைக்கும்?"

"தன்னைச் சுத்தி இருக்க திராவகத்தை அது முறிச்சுக்கும். அப்புறம் வயித்துச் சுவரை மூடியிருக்க கோழைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும்."

கரையான் தன்னைச் சுற்றி மண்கூடு கட்டிக்கொண்டு மரத்தில் ஏறுமே, அதுதான். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. புண் எப்படி வருது என்று கேட்டேன். கிருமியைப் பார்த்ததும் வயிற்றுச் சுவர் தகவல் அனுப்புமாம். ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஓடி வருமாம். வந்து விசத்தைக் கக்குமாம். கிருமி கோழைக்குள் பத்திரமாக இருக்க, அந்த விசம் சுவரையே வேகவைக்குமாம். கிருமி சாகிற வரை அணுக்களும் ஓயாது. வருசக்கணக்கில் வெந்து வெந்து, சிலருக்கு அந்தச் சதையே வேறு சதையாக மாறிப்போகுமாம்.

இது நான் கண்ணால் பார்த்த சங்கதி. கரையானை ஒழிக்கிறேன் என்று கடப்பாரையால் குத்திக் குத்தியே சுவரைச் சாய்த்த வீடுகளைப் பிரித்திருக்கிறேன். கரையான் தின்றது கையகலம்தான் இருக்கும். காப்பாற்ற வந்தவன் இடித்தது மிச்சம் முழுக்க.

"வேற சதைன்னா புத்துநோயா?"

"ரிசல்ட் வரட்டும் ஐயா. நீங்களும் ஒரு டெஸ்ட் குடுத்துட்டுப் போங்க. இது எச்சில் வழியாவும் பரவும்."

"எனக்கா? என் வயிறு இரும்பும்மா" என்றேன். ஆனாலும் கொடுத்தேன்.

ரெண்டு ரிசல்ட்டும் ஒன்றாக வந்தன. அவளுக்குப் புற்றுநோய். எனக்கு அதே கிருமி.

"எனக்கு ஒண்ணுமே செய்யலையே?"

"நெறையப் பேருக்கு அப்படித்தான். காலம் முழுக்கச் சும்மா கெடக்கும். ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி சண்டை போடும்."

"அப்ப என்கிட்ட இருந்துதான் அவளுக்குப் போச்சா?"

"அதைச் சொல்ல முடியாதுய்யா. பெரும்பாலும் சின்ன வயசுல அவுங்கவுங்க வீட்டுலயே தொத்திக்கிறதுதான்."

நிரூபிக்க முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் யாராவது பேச்செடுத்தால் முதலில் அதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து ரெண்டு ரிசல்ட்டையும் அவளிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "உங்க வயித்துல இருக்கப்ப வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்துச்சு. பொம்பளை வயித்துல வந்துல்ல ரவுசு பண்ணுது." மகள் அழுதாள். இவள்தான் சிரித்தாள்.

மதுரையில் வயிற்றில் பெரும்பாதியை வெட்டி எடுத்தார்கள். கிருமிக்கு ரெண்டு பேரும் மாத்திரை தின்றோம். கிருமி போய்விட்டது. நோய் போகவில்லை. ஈரலுக்கு ஏறிவிட்டது என்று இந்தச் சித்திரையில் சொல்லிவிட்டார்கள். இனி வெட்ட ஒன்றுமில்லையாம்.

அவளுக்கென்று தனித்தட்டு ஒன்று வாங்கி வந்தேன். நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, எனக்காகக் காத்திருக்காதே என்றேன். அந்தத் தட்டு இன்றைக்குப் பால் சட்டிக்கு மூடியாக இருக்கிறது.

இப்போது நான் வேலைக்குப் போவதில்லை. உச்சி வெயிலுக்கு முன்னாலேயே மகள் எனக்கு இலை போட்டுவிடுகிறாள். என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ரசம் வேணுமா, மோர் வேணுமா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் எழுந்ததும் நகர்ந்து வந்து இலை முன்னால் உட்காருவாள். மகள் கரைத்த கஞ்சியைக் கிண்ணத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வதில்லை, இலையில்தான் ஊற்றச் சொல்கிறாள். ஒரு வாய் எடுப்பாள். அது இறங்காது. கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கையாலேயே மடித்து வைக்கிறாள்.

கை கழுவிவிட்டு வருகிற நான், முற்றத்துத் தூண் பக்கம் நின்று அதைப் பார்க்கிறேன். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்பேன்.

"ஆச்சு" என்பாள்.