ஸ்னேர் இடப்பக்கம் சாய்ந்த கதை

அந்த ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளருக்குப் பாம்புச்செவி என்று பெயர். வைத்தவர்கள் பாராட்டித்தான் வைத்தார்கள். அதை அவரே நம்பிவிட்டதுதான் வினை. ட்யூப்லைட் முனகினால்கூட எந்த மூலையில் என்று சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு இருப்பதும் காதுதான் என்று ஒப்புக்கொள்ள மட்டும் அவருக்கு மனம் வந்ததே இல்லை.

ட்ரம்ஸுக்கு மேலே இரண்டு மைக்குகளை நிறுத்துவது அவருடைய தனி ராஜ்ஜியம். ட்ரம்ஸில் முன்னால் இருக்கும் சின்ன மேளமான ஸ்னேரின் நடுவிலிருந்து நூல் பிடித்து, இரண்டு மைக்குக்கும் ஒரே தூரமா என்று பார்ப்பார். ஒரே தூரமாக இருந்தால் ஸ்னேர் சத்தம் இரண்டு காதுக்கும் நடுவில் நிற்கும். பிசகினால் ஒரு பக்கம் சாயும்.

அன்று ட்ரம்ஸில் உட்கார்ந்திருந்தவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. முன்பு பதிவுசெய்த பாட்டுகளில் ட்ரம்ஸ் ஒரு பக்கமாகக் கேட்கிறது என்று புகார் வந்தபோது, "அவன் கையே கோணல் சார்" என்று முதலாளியிடம் போட்டுக்கொடுத்தவர் இவர்தான். இன்றும் சரியாக வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். கைக்குழந்தைக்காரன், இதை விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை.

மச்சானே நூலைப் பிடித்தான். இம்மி பிசகவில்லை. இவர் பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து ஹெட்போனை மாட்டினார். ஸ்னேர் இடப்பக்கம் சாய்ந்து கேட்டது.

"வலது மைக்கைக் கிட்ட இறக்கு."

"நூல் சரியா இருக்கே, அத்தான்."

"நூலுக்குக் காது இருக்கா? இறக்குடா."

இறக்கினான், அடித்தான். அப்போதும் இடப்பக்கம். இன்னும் இறக்கினான். மைக் சிம்பல் தட்டில் இடிக்காத குறைதான். கேபிளைத் திட்டினார், மைக்கைத் திட்டினார், மச்சானின் பரம்பரையையே திட்டினார். தன் மனைவிக்கும் அதே பரம்பரைதான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் ஹெட்போனை இடது வலதாகத் திருப்பி மாட்டிக்கொண்டார். ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான்: கோளாறு மைக்கில் இருந்தால் சத்தம் மறுபக்கம் தாவும். மச்சான் அடித்தான். சத்தம் தாவவில்லை. முன்னைவிட ஓங்கி இடப்பக்கமே கேட்டது. கோளாறு மைக்கில் இல்லை, நூலில் இல்லை, அவருடைய வலது காதில்; பழைய பாட்டுகள் சாய்ந்ததும் அதனால்தான்.

அவர் நிமிர்ந்தால், மச்சான் குச்சியைக் கீழே இறக்கிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பி மாட்டிய ஹெட்போனையும் வெளிறிய முகத்தையும் பார்த்த பிறகு அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னைக்காவது சரியா வருதா?"

காது போன ஒலிப்பதிவாளரை எவன் வைத்துக்கொள்வான்? "நான்தான் அப்பவே சொன்னேனே சார், கை கோணல்" என்றார்.

"என்னப்பா, கை கோணலாமே, அப்படியா?" முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசும் மைக்கில் அவனைக் கேட்டார்.

மச்சான் குச்சிகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டான். பிறகு, "ஆமா சார். என் கைதான் சரியில்ல" என்றான்.

குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போகும்போது அவர் பக்கத்தில் நின்றான். இடது காதுப் பக்கமாக வந்து நின்றான்.

"சீக்கிரம் டாக்டரைப் பாருங்க, அத்தான். அக்காகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. நன்றி மட்டும் வரவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்காமல் போன அவனை அவரால் மன்னிக்கவே முடியவில்லை. அதன்பிறகு அவன் அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வரும்போதெல்லாம், "வேலையத்த பயலுக்கு எத்தனை தடவைதான் சோறு போடுவே?" என்று மனைவியிடம் கேட்டார், அடுத்த அறையில் இருந்த அவனுக்கும் கேட்கும்படி.